அவன் எந்த மண்ணில் நிற்கிறான், யாரிடம் சொல்கிறான்?

முதல் உலகப் போரின் அகழி ஒன்றில் நிற்கும் இளம் சிப்பாயை வைத்துத் தமிழில் ஒரு நாவல் எழுத ஒன்றரை வருடமாக முயன்றுவருகிறேன். ஒரே இரவை நான்கு விதமாக எழுதிப் பார்த்தாயிற்று. நான்கு பேர் இருட்டில் மண்ணேறி, இரண்டு படைகளுக்கும் நடுவிலுள்ள சூனியப் பிரதேசத்துக்குள் ஊர்ந்து போகிறார்கள். குண்டுவீச்சில் அறுந்துபோன முள்கம்பியை மறுபடி கட்டுகிறார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒளிக்குண்டு எழும்பும்போதெல்லாம் அசையாமல் கிடக்கிறார்கள். மூன்று பேர் திரும்பி வருகிறார்கள். சம்பவம் அவ்வளவுதான். ஆனால் மண்ணை மாற்றினால் அது வேறு கதையாகிவிடுகிறது. சொல்லும் விதத்தை மாற்றினால் இன்னொரு கதை. இதே யோசனையில் இருப்பவர்கள் தமிழில் வேறு சிலரும் இருப்பார்கள். அவர்களுக்கு உதவும் என்று, நான் எடைபோட்டுப் பார்த்தவற்றை இங்கே வைக்கிறேன்.

முதலில் மண்

பெரும்பாலோருக்கு உடனே தோன்றும் களம் பிரான்ஸின் சொம் நதிப் பகுதி, 1916. காரணம் புரிகிறது. ஆதாரங்கள் குவிந்து கிடக்கின்றன. ஒரு பட்டாலியன் (ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு) எந்த நாளில் எந்த அகழியில் இருந்தது, என்ன சாப்பிட்டது, எத்தனை பேரை இழந்தது என்பதுவரை எடுத்துவிடலாம். நாவலாசிரியருக்கு அதைவிடப் பெரிய வரம், அங்கே போன பல பட்டாலியன்கள் ஊர் ஊராகச் சேர்க்கப்பட்டவை என்பது. சேர்ந்து வந்தால் சேர்ந்தே இருக்கலாம் என்ற வாக்குறுதியில் ஒரே ஆலையில் வேலை பார்த்தவர்கள், ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஒரே தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு தெருவே கிளம்பிப் போவது என்றால் என்ன என்று தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள அக்ரிங்டன் ஊர்ப் பட்டாலியனிலிருந்து ஏறத்தாழ 700 பேர் ஜூலை 1 காலை செர் கிராமத்தை நோக்கி எழுந்து போனார்கள். முதல் அரைமணி நேரத்திலேயே 235 பேர் இறந்தார்கள், 350 பேர் காயப்பட்டார்கள்.

வயதும் இந்தக் களத்துக்குச் சாதகமாக இருக்கிறது. பிரிட்டிஷ் படையில் சேர 18 வயது, கடல் கடந்து போரிட 19 வயது என்பது விதி. வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்ந்த சிறுவர்கள் ஏராளம். சிட்னி லூயிஸ் என்ற பையன் 12 வயதில் சேர்ந்து, 13 வயதில் சொம் களத்தில் நின்றான். அவனுடைய அம்மா பிறப்புச் சான்றிதழை அனுப்பித்தான் அவனைத் திரும்ப வரவழைக்க முடிந்தது. அந்தச் சான்றிதழை உறையில் போடும் தாயின் கையைப் பற்றி மட்டுமே ஓர் அத்தியாயம் எழுதலாம்.

இவ்வளவு இருந்தும் நான் இந்தக் களத்தை விட்டு விலகினேன். காரணம், தேதி. ஜூலை 1 என்று எழுதிய உடனேயே வாசகருக்கு முடிவு தெரிந்துவிடுகிறது. ஏழு நாள் பீரங்கி அடி, சுமார் 15 லட்சம் குண்டுகள், அப்படியும் சுண்ணாம்புப் பாறைக்குள் முப்பது அடி ஆழத்தில் ஜெர்மானியர் தோண்டி வைத்திருந்த பதுங்குகுழிகள் பிழைத்துக்கொண்டது, காலை 7.30க்கு விசில் ஊதியது, மாலைக்குள் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் சேதம், அதில் 19,240 பேர் சாவு. இந்த எண்களின் பாரத்தில் என் பையன் கடிகார முள் மாதிரி ஆகிவிட்டான். அவன் ஏப்ரலில் சாக்ஸ் துவைத்தாலும், மே மாதம் ஒரு விவசாயி வீட்டில் முட்டை வாங்கித் தின்றாலும், எல்லாமே ஜூலைக்காகக் காத்திருப்பதாகவே தோன்றுகிறது. அகழி வாழ்க்கை அப்படி இருக்கவில்லை. ஒரு பட்டாலியன் சில நாள் முன்வரிசையில் நிற்கும், சில நாள் அதற்குப் பின்னால் துணை வரிசையில், அப்புறம் இன்னும் பின்னால் ஓய்வில். சண்டை என்று சொல்லத்தக்கது அதில் மிகக் கொஞ்சம். மூட்டையில் மண் நிரப்புவது, தண்ணீர் இறைப்பது, சுமப்பது, காவல் நிற்பது. இவைதான் நாட்கள். சொம் களத்தை எடுப்பவர் இந்த நாட்களைக் காப்பாற்றப் பெரும் பாடுபட வேண்டும். முடியாது என்று சொல்லவில்லை. வாசகர் தேதியை மறக்கும் அளவுக்கு அந்தத் தெருக்காரர்களை உயிரோடு நிறுத்த முடிந்தால் இதையே எடுங்கள்.

வெர்தன் களத்தை ஒரு மாதம் யோசித்தேன். 1916 பிப்ரவரி 21 முதல் டிசம்பர்வரை நீண்ட சண்டை. பிரெஞ்சுப் படையின் பெரும்பாலான டிவிஷன்கள் (பல பட்டாலியன்கள் சேர்ந்த பெரும்பிரிவுகள்) மாறி மாறி அதற்குள் போய் வந்தன. புதுச்சேரி, காரைக்காலிலிருந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்து போனவர்களும் உண்டு. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் அவர்களுக்கான நினைவுச் சின்னத்தைக் கடந்து போகும்போதெல்லாம் கால் நின்றுவிடும். பிரெஞ்சு ஆவணங்களை மூலத்திலேயே படிக்கக்கூடியவருக்கு இது பெரிய கதவு. எனக்குப் பிரெஞ்சு வராது, அதனால் தள்ளி வைத்தேன்.

கடைசியில் நான் நின்ற இடம் 1914-15 குளிர்காலம், வட பிரான்ஸின் லீஸ் ஆற்றுச் சமவெளி, நெவ் ஷப்பேல் கிராமத்தின் முன்னால். அங்கே நின்றவர்கள் இந்தியச் சிப்பாய்கள். லாகூர், மீரட் டிவிஷன்கள் 1914 செப்டம்பர் கடைசியில் மார்சேய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. உடம்பில் பருத்திச் சீருடை. பழகிய துப்பாக்கியை வாங்கிக்கொண்டு புதிய ரகத் துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் முன்வரிசை. இந்தப் போர் தேடிய எதுவும் அவர்களிடம் போதிய அளவில் இல்லை. கையெறி குண்டு இல்லாததால் ஜாம் டப்பாவில் வெடிமருந்தையும் ஆணியையும் அடைத்துத் திரி வைத்து வீசினார்கள். ஒன்றே ஒன்று இங்கிருந்தே போனது. நீண்ட குழாயில் வெடிமருந்தை அடைத்து முள்கம்பிக்கு அடியில் தள்ளி வெடிக்க வைக்கும் கருவியை, மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையின் அதிகாரி மெக்ளின்டாக் 1912இல் பெங்களூரில் வடிவமைத்திருந்தார். இன்றும் உலகப் படைகள் அதைப் பெங்களூர் டார்பிடோ என்றே அழைக்கின்றன. அந்தப் படையின் ஆட்களுக்குத் 'தம்பி' என்றே பெயர். அவர்களுடைய பெரிய களம் மெசபடோமியா, அதாவது இன்றைய ஈராக். அது தனி நாவல்.

லீஸ் சமவெளியை எடுத்ததற்கு முக்கியமான காரணம் தண்ணீர். சொம் பகுதியில் தோண்டிக்கொண்டே போகலாம். இங்கே இரண்டு மூன்று அடி தோண்டினாலே ஊற்று. அதனால் பல இடங்களில் அகழி என்பது தரைக்குக் கீழே இல்லை, மேலே. மணல் மூட்டைகளையும் மண்ணையும் மார்பளவு, ஆளளவு எழுப்பி அதன் பின்னால் நின்றார்கள். மழையில் அது சரியும். இரவு முழுக்க எழுப்புவார்கள், மறுநாள் மறுபடி சரியும். முழங்கால்வரை சில்லென்ற சேற்றில் நின்று கால் வீங்கிக் கறுத்தது. இந்த உழைப்புக்கு ஒரு தேதி கிடையாது. நான் தேடிய வாழ்க்கை இதில் இருந்தது.

இங்கே தமிழில் எழுதுபவருக்கு ஒரு சொல் சிக்கல் வருகிறது. அதை ஒதுக்க முடியாது. 'அகழி' என்றால் நமக்குக் கோட்டையைச் சுற்றிய நீர் அகழி நினைவுக்கு வரும். 'பதுங்குகுழி' என்றால் ஈழத்து வாசகர்களுக்கு அது வரலாறு அல்ல. வீட்டு முற்றத்தில் பனங்குற்றி அடுக்கித் தோண்டிய பங்கர், அதற்குள் பிள்ளைகளை இறக்கிய நினைவு. முன்னரங்கு, காப்பரண், மண்ணணை, சூனியப் பிரதேசம் என்று இந்தப் போர்முறையின் சொற்கள் எல்லாம் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றுக்கு விலை கொடுத்தவர்கள் நம்மோடு வாழ்கிறார்கள். அந்தச் சொற்களை எடுத்துக்கொண்டேன், ஆனால் ஒவ்வொன்றையும் அதன் பொருள் பிசகாமல் பயன்படுத்துவது என்று முடிவு செய்துகொண்டேன். நிற்கும் நீண்ட பள்ளம் அகழி. அதன் சுவரில் படுக்கக் குடைந்தது பதுங்குகுழி. தரைக்கு மேல் எழுப்பியது மண்ணணை. நெவ் ஷப்பேலில் என் பையன் பெரும்பாலும் மண்ணணைக்குப் பின்னால்தான் நிற்கிறான். 'அகழிக்குள் குதித்தான்' என்று கை பழக்கத்தில் எழுதிய வரிகளை எல்லாம் அடித்தேன்.

அவன் யார் என்பதும் மண்ணோடு வந்தது. இமயமலைப் பகுதியான கடுவாலின் ஆட்களைக் கொண்ட 39ஆவது கடுவால் ரைபிள்ஸ் படையின் இரண்டு பட்டாலியன்களும் அங்கே இருந்தன. 1915 மார்ச் 10 காலை 7.30 முதல் 35 நிமிடம் பீரங்கிகள் அடித்தன. 8.05க்குக் காலாட்படை எழுந்தது. முதல் பட்டாலியன் திசை விலகி வலப்பக்கம் போய், குண்டு படாத முள்கம்பியில் மாட்டியது. இரண்டாவது பட்டாலியனில் கப்பர் சிங் நேகி, இருபது வயது நிறைய இன்னும் சில வாரங்கள் இருந்தவர், ஜெர்மானிய அகழிக்குள் வளைவு வளைவாக முன்னேறி எதிரிகளைப் பின்வாங்க வைத்து, அன்றே இறந்தார். பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் அவர் இறந்த பிறகு கிடைத்தது. உத்தராகண்டில் டெஹ்ரி பக்கம் சம்பாவில் ஒவ்வொரு ஏப்ரலிலும் அவர் பெயரில் விழா நடக்கிறது. நான் அவரைப் பாத்திரமாக்கவில்லை. அவர் போன வளைவுக்கு நான்கு வளைவு தள்ளி நின்ற, பதக்கம் எதுவும் கிடைக்காத ஒருவன்தான் என் பையன்.

நெவ் ஷப்பேலுக்கும் தேதி உண்டே, சொம் மாதிரி அது விழுங்காதா என்று கேட்கலாம். நம் வாசகர்களுக்கு மார்ச் 10 தெரியாது என்பது ஒரு பதில். இன்னொரு பதில், கதை அங்கே முடிவதில்லை. இந்தியக் காலாட்படை 1915 முடியும்வரை பிரான்ஸில் இருந்து, அப்புறம் மெசபடோமியாவுக்குக் கப்பல் ஏறியது. என் நாவல் மார்சேயில் இறங்குவதில் தொடங்கி, அதே துறைமுகத்தில் ஏறுவதில் முடிகிறது. சண்டை நடுவில் வருகிறது.

அப்புறம் குரல்

அந்த முள்கம்பி இரவை முதலில் கடிதமாக எழுதினேன். போர் நாவலுக்குக் கடிதம்தான் எல்லோர் கையும் முதலில் போகும் வடிவம். உண்மையான கடிதங்கள் கிடைக்கின்றன, தேதி இருக்கிறது, குரல் இருக்கிறது. ஆனால் அந்த இரவைக் கடிதத்தில் சொல்ல முடியாது. பிரிட்டிஷ் சிப்பாயின் கடிதத்தை அவனுடைய அதிகாரியே படித்துப் பார்த்தார். அவசரத்துக்கு அச்சடித்த அஞ்சல் அட்டை ஒன்று இருந்தது. 'நான் நலம்', 'மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன்', 'உன் கடிதம் கிடைத்தது' என்று வரிகள் அதில் தயாராக இருக்கும். பொருந்தாததை அடித்துவிட்டுக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ஒரு சொல் கூடுதலாக எழுதினாலும் அட்டை அழிக்கப்படும் என்று அதிலேயே அச்சாகியிருந்தது.

இந்தியச் சிப்பாயின் கடிதம் இன்னும் பல கைகள் பட்டது. பலருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்தவர் முன்னால் உட்கார்ந்து சொல்ல வேண்டும். தபால் தணிக்கை அலுவலகம் அதைப் பிரித்துப் படித்தது. ஊரில் அதை வேறொருவர் வாசித்துக் காட்ட வேண்டும், சுற்றிலும் ஊரே நிற்கும். மனைவியிடம் சொல்ல நினைத்ததை இத்தனை பேரைத் தாண்டி ஒருவன் எப்படிச் சொல்வான்? சிலர் மிளகு என்று சொன்னார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துவிட்டது, இப்போது சிவப்பு மிளகாயைப் போட ஆரம்பித்திருக்கிறார்கள் என்ற செய்தி இந்தக் கடிதங்களில் வந்தது. கறுப்பு என்றால் இந்தியர், சிவப்பு என்றால் வெள்ளைக்காரர். தணிக்கைக்காரர்களும் அதைப் புரிந்துகொண்டு குறித்து வைத்தார்கள். அவர்கள் பிரதி எடுத்து மொழிபெயர்த்து வைத்ததால்தான் அந்தக் கடிதங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. வேவு பார்க்கப் படித்தவர்களால்தான் அந்தக் குரல்கள் பிழைத்தன என்பது என்னை இன்னும் வருத்துகிறது.

இவற்றில் பல கடிதங்கள் இங்கிலாந்தின் பிரைட்டன் நகர மருத்துவமனைகளிலிருந்து போனவை. அங்கே முன்னாள் அரச மாளிகையையே காயப்பட்ட இந்தியர்களுக்கு மருத்துவமனையாக மாற்றினார்கள். சாதி, மத வழக்கம் பார்த்து ஒன்பது சமையலறைகள். ராஜா தன் வீட்டையே கொடுத்தார் என்று வீட்டுக்கு எழுதினால் எல்லோருக்கும் பெருமை. பக்கத்துக் கட்டிலில் நேற்றுவரை இருந்தவனைப் பற்றி எழுதுவது அப்படி அல்ல. முழு நாவலையும் கடிதங்களால் கட்டினால் இந்தப் பொய்யையே முன்னூறு பக்கம் படிக்க வேண்டியிருக்கும். நடந்ததை நேரில் பார்த்த வாசகருக்கு அப்புறம் ஒரு கடிதத்தைக் காட்டினால், அதில் விடுபட்டவை எல்லாம் அவர் கண்ணில் படும். கடிதத்தின் பலம் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

இரண்டாவது முயற்சி, 'நான்' என்று நிகழ்காலத்தில். 'ஊர்கிறேன். கம்பி கையைக் கிழிக்கிறது. வெளிச்சம் எழும்புகிறது.' அந்த இரவுக்கு இது பிரமாதமாகப் பொருந்தியது. அவன் பிழைப்பானா என்று வாசகருக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. ஆனால் மறுநாள் காலை அவன் உட்கார்ந்து சட்டைத் தையல் ஓரமாக மெழுகுவர்த்தி பிடித்துப் பேன் பொசுக்குகிறான். 'பொசுக்குகிறேன், பொசுக்குகிறேன்' என்று பத்து வரி போனால் தமிழில் அது கிரிக்கெட் வர்ணனை போல ஆகிவிடுகிறது. மூட்டை நிரப்புவதும் சாவதும் ஒரே பதற்றத்தில் வருகின்றன. சிறுகதைக்கு இதைத் தயங்காமல் எடுக்கலாம். ஒரு வருடக் கதைக்கு மூச்சு போதாது.

மூன்றாவது, கிழவன் நினைவுகூர்வது. பேரன் கேட்க, தாத்தா சொல்வார். நம் மொழிக்கு இது மிகவும் வசதியான உட்காருமிடம், அதனாலேயே ஒன்பது அத்தியாயம் எழுதிவிட்டேன். எழுதும்போது என் மனதில் இருந்தவர் ஹாரி பாட்ச், முதல் உலகப் போர் அகழிகளில் போரிட்ட கடைசி பிரிட்டிஷ் சிப்பாய். 1917இல் 19 வயதில் பெல்ஜியத்தின் பாஷென்டேல் களத்தில் இருந்தவர், நூறு வயதை எட்டும்வரை அந்தப் போரைப் பற்றிப் பேசவில்லை. 2009இல் 111 வயதில் இறந்தார். எண்பது வருட மௌனம்! அதற்கு முன்னால் நான் கதைக்காகக் கண்டுபிடித்த தாத்தா பேசிக்கொண்டே இருப்பது கூசியது. இன்னொரு குறை அதைவிடப் பெரியது. தாத்தாவுக்கு அந்தச் சண்டையின் பெயர் தெரியும், போர் 1918 நவம்பரில் முடியும் என்று தெரியும். பையனுக்கு எதுவும் தெரியாது. குண்டு வெடித்தால் சிதறல் பரவாமலும், எதிரி உள்ளே புகுந்தால் நேர்கோட்டில் சுட முடியாமலும் இருக்க, முன்வரிசையைச் சில கெஜத்துக்கு ஒரு வளைவாகக் கட்டினார்கள். ஒரு வளைவுக்குள் நிற்பவனுக்குத் தெரிவது பக்கத்தில் உள்ள ஐந்தாறு முகங்கள், எதிரே மூட்டைச் சுவர், மேலே வானத்தில் ஒரு கீற்று. அவனுடைய போர் அவ்வளவுதான். தாத்தா வாயைத் திறந்த உடனே அந்தச் சுவர் விலகி வரைபடம் தெரிகிறது. மௌனமாகவே இருக்கும் ஒரு கிழவனை வைத்து, அவர் சொல்லாததைச் சுற்றிக் கதையை நகர்த்தக்கூடியவருக்கு இந்த வடிவம் காத்திருக்கிறது.

நான்காவதாக எழுதியது எளிமையானது. 'அவன்', இறந்தகாலம், அவன் கண்ணுக்குத் தெரிந்தது மட்டும். வளைவுக்கு அப்பால் நடப்பது சத்தமாக மட்டுமே வரும். 'அவன் ஊர்ந்தான்' என்பதில் அவன் பிழைத்தான் என்ற உத்தரவாதம் இல்லை. மூட்டை நிரப்பிய மூன்று வாரத்தை இரண்டு பத்தியில் தாண்டலாம், கம்பி கட்டிய இரண்டு மணி நேரத்துக்கு இருபது பக்கம் கொடுக்கலாம். கடிதங்களை நடுநடுவே வைக்கலாம். நான் இதையே எடுத்திருக்கிறேன்.

பேச்சு மட்டும் கடைசிவரை உறுத்தியது. லங்காஷயர் பையன்களை எழுதியபோது அவர்கள் ஒருவரை ஒருவர் எப்படி அழைப்பார்கள் என்பதிலேயே மாட்டிக்கொண்டேன். 'மச்சான்' போட்டால் அவர்கள் மதுரைக்கு வந்துவிடுகிறார்கள். கடுவால் பையனோடு இந்தத் தொல்லை பாதி குறைந்தது. அண்ணன் முறைக்காரரை அவர்கள் மொழியில் 'பைஜி' என்பார்கள், அப்படியே வைத்துக்கொண்டேன். ஹவில்தார், ஜமேதார், சுபேதார் எல்லாம் தமிழுக்குப் பழைய சொந்தக்காரர்கள். அதிகாரியை 'சாகிப்' என்பான். மற்றபடி எந்த மாவட்டத்தின் வாடையும் இல்லாத எளிய பேச்சுத் தமிழ். கொங்குத் தமிழோ நெல்லைத் தமிழோ அவன் வாயில் வந்தால் இமயமலை மறைந்துவிடுகிறது.

முள்கம்பி இரவுக்கு மறுநாள் அத்தியாயம் இப்போது இப்படி இருக்கிறது. அணிக்குப் பின்னால், கூரை பாதி போன ஒரு மாட்டுத் தொழுவம். எழுத்துக்காரர் முழங்காலில் பலகை வைத்து உட்கார்ந்திருக்கிறார். பையனின் உள்ளங்கையில் துணி சுற்றியிருக்கிறது.

"சொல்லு."

"இங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுதுங்க. மாவு, பருப்பு, நெய், வெல்லம் எல்லாம் சரியா வருது. குளிருதான்."

"ம்."

"பைஜி வேற இடத்துக்குப் போயிருக்காரு. அவரு வீட்டுலயும் அப்படியே சொல்லிடச் சொல்லுங்க."

எழுத்துக்காரர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார்.

"அவ்வளவுதானா?"

"சின்ன காளைக்குக் கால் சரியாயிடுச்சான்னு கேளுங்க."